ஐயுற்ற குண்டு

பயிர்க்காப்புச் சட்டத்தின் பதினேழாம் பிரிவு மூன்று வாக்கியங்களால் ஆனது. அறிகுண்டு மனிதனைக் கொல்லாது என்பது முதல் வாக்கியம். ஆகவே, அறிகுண்டு பட்டு மனிதன் ஒருவன் இறந்தால், சுட்டவன் அக்குண்டைக் கெடுத்து மாற்றியிருக்கிறான் என்றே நீதிமன்றம் கொள்ள வேண்டும் என்பது அடுத்தது. தான் மாற்றவில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு சுட்டவனையே சாரும் என்பது கடைசி. பின்னிரண்டு வாக்கியங்களும் முதல் வாக்கியத்தின் தோள்மேல் ஏறி நிற்கின்றன. முதல் வாக்கியமோ வெறும் நம்பிக்கை. ஓர் ஆலையின் விளம்பரப் பலகையில் இருக்க வேண்டிய வாக்கியம் சட்டப் புத்தகத்துக்குள் எவ்வாறு குடியேறியது என்று, சட்டமன்றத்தில் அதற்குக் கை உயர்த்தியவர்களுள் ஒருவரும் கேட்கவில்லை.

கேட்காததற்குக் காரணம் உண்டு. மேற்கு மலையடிவாரத்து ஊர்களில் அந்நாளில் காட்டுப்பன்றிகள் கட்டுக்கடங்காமல் பெருகியிருந்தன. மாலையில் பச்சையாய் நின்ற மக்காச்சோளக் கொல்லை காலையில் உழுது போட்ட நிலமாய்க் கிடக்கும். மின்வேலி இட்டார்கள், யானை செத்தது. பழத்துக்குள் வெடி வைத்தார்கள். பசுவின் தாடை சிதறியது. இந்நிலையில்தான் அறிகுண்டு வந்து சேர்ந்தது. அதன் மூக்கில் நகக்கண் அளவினதாய் ஒரு மெல்லிய படலம் உண்டு. அது உடலைத் தொட்ட நொடியின் மிகச்சிறு பகுதிக்குள் மயிரின் தடிப்பையும், தோலின் கீழ்க் கொழுப்பையும், தசையின் ஈரத்தையும் படித்துவிடும். பன்றி என்று கண்டால் குண்டை விரித்துவிடும். விரிந்த குண்டு உயிரை வாங்கும். மனிதனோ மாடோ நாயோ என்று கண்டால், குண்டைப் பிணைத்திருக்கும் பசையை முறித்து, தோலைத் தாண்டுவதற்கு முன்பே அதைப் பொடியாக்கிவிடும். பட்டவருக்குக் கன்றிய வீக்கம் ஒன்றே மிஞ்சும். ஆலையின் மேலாளர் மேடையில் தம் மார்பைக் காட்டிச் சுடச் செய்து, எழுந்து நின்று, பூங்கொத்தும் பெற்றுக்கொண்டார். அந்தக் காட்சியைப் பாராத வீடு மாநிலத்தில் இல்லை. நிலம் உடையவர் அனைவருக்கும் துப்பாக்கி கிடைத்தது.

மேலச்சுனைப்பட்டி மாடக்கண்ணுவுக்கும் கிடைத்தது. அவனுடைய தங்கை உலகம்மாளின் கணவன் சொள்ளமுத்துவுக்கும் கிடைத்தது. இருவர் கொல்லையும் ஒரே வரப்பின் இருபுறம். அந்த வரப்பு யாருடையது என்பதில் இருவருக்கும் ஓயாத வழக்கு. ஆடி மாதத்துச் சாரலில், பொழுது புலரும் வேளையில், மாடக்கண்ணுவின் மக்காச்சோளத்துக்குள் தட்டைகள் முறியும் ஓசை கேட்டது. நான்கு எட்டுத் தொலைவில் ஒரு கருமை அசைந்தது. அவன் சுட்டான். சென்று பார்த்தபோது, சாக்குப் பையைத் தலைமேல் கவிழ்த்திருந்த சொள்ளமுத்து மார்பு பிளந்து கிடந்தான். பன்றியை விரட்ட அவனும் அங்கே வந்திருந்தான்.

வேறு எந்தக் குண்டாக இருந்திருந்தாலும் அது விபத்து. அறிகுண்டாக இருந்ததால் அது கொலையாயிற்று. முந்தைய நாள் வரப்பில் நிகழ்ந்த வாய்ச்சண்டைக்கு ஊரே சாட்சி. காவலர் அழைத்துச் சென்ற மறுநாளே மாடக்கண்ணு குற்றத்தை ஒப்புக்கொண்டான். குண்டை எவ்வாறு மாற்றினாய் என்று கேட்டபோது மட்டும் அவனுக்கு விடை தெரியவில்லை. காவல் நிலையத்தில் ஒப்புக்கொள்பவர்கள் எவ்வாறு ஒப்புக்கொள்கிறார்கள் என்பதை நாடறியும். ஆதலின், அவனை நன்றாய் அடித்திருப்பார்கள் என்று ஊரார் தமக்குள் பேசிக்கொண்டார்கள். உலகம்மாளோ அண்ணன்மேல் கொலை வழக்குத் தொடுத்த முதல் ஆளாக நின்றாள்.

அவன் வீட்டில் கைப்பற்றிய குண்டுகள் தென்காசிக்கு அப்பால் மலையை ஒட்டி, குண்டுகளைச் சுட்டுச் சோதிப்பதற்காக இருந்த வேட்டைக்குண்டு ஏற்புக்கூடத்துக்கு வந்தன. அங்கே துணைச் சோதகராக இருந்தவள் சண்முகக்கனி. தோட்டாவைத் துப்பாக்கியில் இட்டு, வேகமானியின் வாயிலாகச் செலுத்தி, மனித உடலின் தன்மையில் வார்த்த கூழ்க்கட்டியின்மேல் சுட்டு, நேர்ந்ததை அறிவிப்பது அவள் பணி. எல்லாக் குண்டுகளும் ஒழுங்காகப் பொடிந்தன. கூடத்தின் தலைவர் தெய்வசிகாமணி, குண்டுகளில் குறை இல்லை என்று அறிக்கை கொடுத்தார். பதினேழாம் பிரிவின்படி, அந்த ஒரு வரியே மாடக்கண்ணுவை ஆயுள் முழுதும் சிறையில் இருத்தப் போதுமானது.

கனிக்கு உறுத்திய பொருள் ஒன்றுதான்: பிணக்கூராய்வில் எடுத்த குண்டு. பன்றி என்று படித்து, படலத்தின் கட்டளைப்படி விரியும் அறிகுண்டு, அறுத்து வைத்ததுபோல் நான்கு சமமான இதழ்களாக விரியும். சொள்ளமுத்துவின் உடலிலிருந்து வந்ததோ நசுங்கிப் பிய்ந்து, இதழ் இன்னதென்று தெரியாமல் இருந்தது. அவள் அதைத் தலைவரின் மேசைமேல் வைத்தாள். விலா எலும்பில் பட்டிருக்கும் என்று அவர் சொன்னார். எலும்பில் படுவதற்கு முன்பே தோலில் பட்டிருக்க வேண்டுமே, அங்கேயே பொடிந்திருக்க வேண்டுமே என்று அவள் கேட்டாள். அதனால்தான் மாற்றப்பட்ட குண்டு என்று சட்டம் சொல்கிறது என்றார் அவர்.

"மாத்துன குண்டுன்னா படலத்தைப் பிச்சு எடுத்திருக்கணும் சார். படலம் இருக்கு. பொடிஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கு. அது படிக்கிறதுக்குள்ளயே நசுங்கியிருக்கு."

"படிப்பதற்குள் நசுங்க வேண்டுமென்றால் அது எவ்வளவு வேகத்தில் பட்டிருக்க வேண்டும் தெரியுமா, கனி? நொடிக்குத் தொள்ளாயிரம் மீட்டரைத் தாண்ட வேண்டும். இந்தத் தோட்டா துப்பாக்கியின் வாயை விட்டு வரும்போதே எண்ணூற்று நாற்பதுதான். நீயே சுட்டாய், நீயே அளந்தாய்."

அவர் பொய் சொல்பவர் அல்லர். விதிநூலில் உள்ளதைச் செய்வார், இல்லாததைச் செய்யமாட்டார். அவர் சொன்ன எண்ணும் அவளே அளந்த எண். குண்டு மிக வேகமாகச் சென்றால்தான் அது பிழை செய்திருக்க இயலும். ஆனால், அது வேகமாகச் செல்லவில்லை என்பதற்கு அவள் கையே சாட்சி. அவளுடைய ஐயத்துக்கு அவளுடைய சோதனையே முட்டுக்கட்டையாக நின்றது. சாட்சி சொல்ல அவளுக்கும் அழைப்பாணை வந்தது. அதற்கு முன் அந்தக் கொல்லையை ஒருமுறை பார்த்துவிடுவது என்று மேலச்சுனைப்பட்டிக்குச் சென்றாள்.

கொல்லையில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. தட்டைகள் அறுபட்டிருந்தன. நான்கு எட்டு என்பது நான்கு எட்டாகவே இருந்தது. சாரல் வலுத்தது; நனைந்துகொண்டே வந்து, வழியில் முதலில் திறந்திருந்த வீட்டு வாசலில் ஏறினாள். அது உலகம்மாளின் வீடு என்பது உள்ளே சொள்ளமுத்துவின் படத்தைக் கண்ட பிறகே அவளுக்குத் தெரிந்தது. தான் யார் என்பதை மறைக்காமல் சொன்னாள். உலகம்மாள் முகம் இறுகிற்று. ஆயினும், நனைந்து வந்தவளை நிற்க வைத்துப் பேசும் வழக்கம் அந்த ஊரில் இல்லை. துண்டு ஒன்றைக் கொடுத்தாள். அண்ணன்காரனைப் பற்றிக் கேட்க வந்திருந்தால் தான் சொல்ல ஒன்றும் இல்லை என்றும், மனிதன் பொய் சொல்வான், குண்டுக்கு யார்மேல் பகை என்றும் சொன்னாள். அவள் குரலில் அழுகை இல்லை. அழுது முடித்து, குண்டை நம்பி அமைதியடைந்துவிட்ட குரல் அது.

கனி நேரம் பார்க்கக் கைப்பேசியை எடுத்தாள். அதன் திரைக்குள் நீர் இறங்கி மங்கியிருந்தது. உலகம்மாள் ஒன்றும் கேளாமல் அதை வாங்கித் துடைத்தாள். அடுக்களைக்குள் சென்று, பரணிலிருந்து ஒரு தகர டின்னை இறக்கி, மூடியைத் திறந்து, உள்ளே இருந்த அரிசிக்குள் கைப்பேசியைப் புதைத்தாள்.

"வறுத்த அரிசிம்மா. சாயங்காலத்துக்குள்ள ஈரத்தைக் குடிச்சிரும். இந்தச் சாரல்ல எங்க ஊர்ல எல்லாம் இதுக்குள்ளதாம் கெடக்கும். தீப்பெட்டி, வெத, பிள்ளைய மாத்திரை, இந்தக் குண்டு எல்லாம்."

கனி துண்டைக் கீழே வைத்தாள். எந்தக் குண்டு என்று கேட்டாள்.

"பன்னிக் குண்டுதாம். வெளிய வச்சா ரெண்டே நாள்ல நமுத்துப் போவும்லா. காயிதத்துல செஞ்ச குண்டு. அவிய ரெண்டு பேரும் ஒரே பெட்டியத்தாம் வாங்கிப் பாதி பாதியாப் பிரிச்சுக்கிட்டாவ. அண்ணன் வீட்டு டின்ன போலீஸ்காரவிய கொட்டிக் குண்டை மட்டும் பொறுக்கிட்டுப் போனாவ. எங்க பங்கு இந்தா கெடக்கு. நான் தொடல."

அந்த அடுக்களையில் நின்றபடியே கனிக்கு எல்லாம் விளங்கிற்று. பித்தளைக்குச் செலவாகிறது என்று ஆலை தோட்டாவின் உறையைக் காகிதக்கூழால் செய்திருந்தது. காகிதம் மூச்சு விடும். ஈரக் காற்றில் ஈரத்தை இழுக்கும். வறுத்த அரிசிக்குள் கிடந்தால் உள்ளிருக்கும் வெடிமருந்தின் இயல்பான ஈரத்தையும் இழந்துவிடும். மிகவும் உலர்ந்த மருந்து மிகவும் சீற்றமாக எரியும். குண்டு மிகவும் விரைந்து போகும். இவையெல்லாம் அவள் படித்தவைதாம். அவளைத் திகைக்க வைத்தது வேறு. ஏற்புக்கூடத்தில், எந்தத் தோட்டாவாக இருந்தாலும் சுடுவதற்கு முன் பதப்படுத்தும் அறையில் வைப்பது விதி. எல்லாத் தோட்டாக்களும் ஒரே அளவு ஈரத்தோடு இருந்தால்தான் ஒன்றை ஒன்றோடு ஒப்பிட முடியும் என்பதற்காக ஏற்பட்ட நல்ல விதி. மாடக்கண்ணுவின் வீட்டிலிருந்து வந்த குண்டுகளையும் அவள் அவ்விதியின்படியே அவ்வறையில் வைத்தாள். அவன் வீட்டு அரிசி குடித்த ஈரத்தை, சட்டப்படி, முறைப்படி, அவளே திரும்ப ஊட்டியிருந்தாள். குற்றவாளிக் குண்டைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, நல்ல குண்டாக்கிச் சாட்சிக் கூண்டில் ஏற்றியது ஏற்புக்கூடம்.

டின்னில் மிஞ்சியிருக்கும் குண்டுகள் அவளுக்கு வேண்டும். அதைச் சொன்னபோது உலகம்மாள் டின்னை இடுப்போடு அணைத்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரவியளக் கொன்னவன வெளிய எடுக்கதுக்கு எங்கிட்டயே வந்து கேக்கிய."

"அவர வெளிய எடுக்கணும்னு கேக்கலக்கா. என் சோதனை தப்புன்னா உங்க வீட்டுக்காரர் எப்படிச் செத்தாருன்னு இந்த உலகத்துல யாருக்குமே தெரியாது. எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அது தெரிய வேண்டாம்னா, டின்ன மூடி வச்சிருங்க."

உலகம்மாள் அரிசிக்குள்ளிருந்து கைப்பேசியை எடுத்து அவளிடம் நீட்டினாள். பிறகு டின்னைத் தரையில் வைத்தாள். தானாகக் கொடுக்கமாட்டேன், நீதிபதி அம்மாள் கேட்டால் கொடுப்பேன் என்றாள். அது மறுப்பு அன்று என்பது கனிக்குப் புரிந்தது. ஈரம் வடியாத கைப்பேசியை எடுத்துக்கொண்டு அவள் நேராக நீதிமன்றத்துக்குச் சென்றாள்.

மாவட்ட நீதிபதி மெகருன்னிசா, சாட்சிக்கு வர வேண்டியவள் அழைப்பு நாளுக்கு முன்னரே வந்து நிற்பதை விரும்பவில்லை. எனினும், அரசு வழக்கறிஞரையும் மாடக்கண்ணுவுக்காக நீதிமன்றம் அமர்த்திய வழக்கறிஞரையும் அருகில் வைத்துக்கொண்டு, கேட்கவேண்டியதைக் கேட்டார். டின்னை, அரிசியோடும் உள்ளவற்றோடும், மூடியைத் திறவாமல் முத்திரையிட்டுக் கொண்டுவர ஆணையிட்டார். சோதனை தம் கண்முன் நடைபெற வேண்டும் என்றும் சொன்னார்.

தெய்வசிகாமணி கொதித்துப்போனார். பதப்படுத்தாத தோட்டாவைச் சுட்டால் அது சோதனை ஆகாது, வேடிக்கை ஆகும் என்று கூடத்துப் பணியாளர் அனைவருக்கும் கேட்கும்படி சொன்னார். விதி இருப்பது எதற்காக என்று கேட்டார்.

"சொள்ளமுத்துவச் சுட்ட தோட்டா நம்ம அறையில படுத்துத் தூங்கி எந்திரிச்சுட்டுப் போச்சா சார்? நாம நம்ம அறையில இருக்கிற குண்டைத்தான் சோதிச்சிருக்கோம். ஊர்ல இருக்கிற குண்டை இன்னிக்கு வரைக்கும் யாருமே சோதிக்கல."

அவர் தம் அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டார். சினத்தால் என்றே கனி நினைத்தாள்.

சோதனை நாளன்று கூடத்தின் வாசலில் மேலச்சுனைப்பட்டியே திரண்டு நின்றது. உள்ளே தடித்த கண்ணாடிக்குப் பின்னால் நீதிபதி, இரு வழக்கறிஞர்கள், ஆலையின் சார்பில் வந்த மேலாளர், தெய்வசிகாமணி, ஓரத்தில் உலகம்மாள். மாடக்கண்ணுவைக் காவலர் இருவர் நடுவில் உட்கார வைத்திருந்தார்கள். அவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கூழ்க்கட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் இருந்தன; ஒவ்வொன்றின் முகப்பிலும் மனிதத் தோலின் தன்மை உடைய விரிப்பு.

முதலில், விதிப்படி பதப்படுத்திய தோட்டா. துப்பாக்கி அதிர்ந்தது. வேகமானி எண்ணூற்று நாற்பத்தொன்று என்றது. கட்டியின் முகப்பில் கைப்பிடிச் சாம்பலை அப்பியதுபோல் ஒரு கறை, அவ்வளவே. ஆலை மேலாளர் கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

அடுத்து, டின்னின் முத்திரையை நீதிபதி தம் கையால் உடைத்தார். கனி அரிசிக்குள் விரல்விட்டு ஒரு தோட்டாவை எடுத்தாள். அதைத் துடைக்கவும் இல்லை, தட்டவும் இல்லை. எடுத்தபடியே துப்பாக்கியில் இட்டாள். மூக்கில் ஒட்டியிருந்த ஒரு குறுநொய் கீழே உதிர்ந்தது.

துப்பாக்கி அதிர்ந்த ஓசையே வேறாக இருந்தது. வேகமானி தொள்ளாயிரத்து முப்பத்தாறு என்றது. கூழ்க்கட்டி எம்பித் தாழ்ந்தது. அதன் முதுகுப்புறம் கிழிந்து திறந்தது. பின்னால் இருந்த இரண்டாம் கட்டிக்குள் குண்டு சென்று புதைந்தது. கண்ணாடிக்குப் பின்னால் உலகம்மாளின் கை தானாகத் தன் மார்புக்குச் சென்றது.

மேலாளர் எழுந்தார். ஒரு தோட்டாவை வைத்து எதையும் சொல்ல முடியாது, அதில் ஏதோ குறை இருந்திருக்கும் என்றார். இரண்டாவது தோட்டாவும் துளைத்துச் சென்றது. சுட்டவள் ஏற்கெனவே ஒரு முடிவோடு இருப்பவள் என்றார் மேலாளர். அப்போது தெய்வசிகாமணி தம் இருக்கையை விட்டு எழுந்து உள்ளே வந்தார். கனியை விலகச் சொன்னார். காதடைப்பான்களை மாட்டிக்கொண்டார். பல ஆண்டுகளாக அவர் துப்பாக்கியைத் தொட்டதில்லை. டின்னுக்குள் கைவிட்டு, தாமே ஒரு தோட்டாவை எடுத்து, தாமே இட்டு, தாமே சுட்டார். பிறகு கட்டியருகில் சென்று, அந்தப் பிளவுக்குள் தம் விரல்கள் நான்கையும் மெல்ல நுழைத்துப் பார்த்தார். திரும்பி வந்தபோது அவர் குரல் வகுப்பில் விடை சொல்லும் குரலைப்போலத் தெளிவாக இருந்தது.

"என் அறிக்கை பிழையானது, அம்மா. விதியைப் பின்பற்றி எழுதிய பிழை. ஆனாலும் பிழைதான். அதை அப்படியே பதிவு செய்துகொள்ளுங்கள்."

நீதிபதி அவரைக் கூர்ந்து பார்த்தார். பிறகு, தமக்கு ஒன்று விளங்கவில்லை என்றார். வேகம் மிகுந்ததால் படலம் படிப்பதற்குள் நசுங்கிவிட்டது. பட்டது பன்றியா மனிதனா என்று குண்டுக்குத் தெரியவில்லை. தெரியாதபோது அது பொடிந்திருக்கலாமே, ஏன் விரிந்தது?

தெய்வசிகாமணி ஆலை மேலாளரைப் பார்த்தார். மேலாளர் கண்ணாடியைப் பார்த்தார்.

"அவ்வாறு அமைத்திருக்கிறார்கள், அம்மா. தெரியாதபோது விரியும்படி."

"யார் கேட்டு?"

மேலாளர் இப்போது வாய் திறந்தார். முதலில் செய்த குண்டுகள் ஐயம் வந்தால் பொடிந்தன என்றார். சேற்றில் புரண்டு வந்த பன்றிகள்மேல் படலம் தடுமாறிற்று. பத்தில் ஒரு பன்றி தப்பியது. விற்பனை சரிந்தது. அதனால் மாற்றினார்கள். உழவர் நலன் கருதித்தான் என்றும் சேர்த்துக்கொண்டார்.

"ஐயம் வந்தால் விட்டுவிடு என்று என்னைப் பழக்கியிருக்கிறார்கள்," என்றார் மெகருன்னிசா. "இருபத்தைந்து ஆண்டுகளாக அப்படித்தான் இந்த நாற்காலியில் இருக்கிறேன். ஐயம் வந்தால் கொல் என்று பழக்கப்பட்ட ஒன்றை எனக்கும் மேலான நீதிபதியாக இந்தச் சட்டம் உட்கார வைத்திருக்கிறது. அது சொன்னதை நான் கேட்டுக்கொண்டு கையெழுத்திட வேண்டும். நல்ல ஏற்பாடு."

மேலாளர் தாழ்ந்த குரலில், பழையபடி மாற்றினால் பன்றிகள் தப்பும், இந்த ஊர்க்காரர்களே நாளை வந்து நிற்பார்கள் என்றார். வேண்டுமானால் அந்த அம்மாளையே கேட்கலாம் என்று, எந்தத் துணிவிலோ, உலகம்மாளைக் கை காட்டினார்.

உலகம்மாள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள்.

"பன்னி தப்புனா சோளம் போவும். போவட்டும். சோளம் அடுத்த வருசமும் மொளைக்கும் அய்யா."

தீர்ப்பு நாளுக்குள் செய்தி மலையடிவாரம் முழுதும் பரவிவிட்டது. அறிகுண்டுகளைத் திரும்பப் பெற அரசு ஆணையிட்டது. ஐயம் நேர்ந்தால் பொடிய வேண்டும் என்றும், பதப்படுத்திய தோட்டாவோடு மக்கள் வீட்டில் இருந்தபடியே எடுத்து வந்த தோட்டாவையும் சுட்டுப் பார்க்க வேண்டும் என்றும் புதிய சோதனை விதி எழுதப்பட்டது. அதை வரிவரியாக எழுதியவர் தெய்வசிகாமணி. பதினேழாம் பிரிவு செல்லாது என்று மெகருன்னிசா உயர் நீதிமன்றத்துக்கு எழுதிய குறிப்புக்கு, அந்நீதிமன்றமும் இசைந்தது. தீர்ப்பு நாளன்று நீதிமன்ற வளாகத்தில் நின்ற கூட்டத்தை, தேர்தல் நாளிலும் அந்த ஊர் கண்டதில்லை. யாரோ கனியின் கழுத்தில் மாலையைப் போட்டார்கள். அவள் அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, நீதிமன்றக் கூடத்தின் கடைசி வரிசையில், தன் தலைவருக்கு அருகில் அமர்ந்தாள்.

நீதிபதி தீர்ப்பை வாசித்தார். மாடக்கண்ணு குற்றமற்றவன். சொள்ளமுத்துவின் இறப்புக்கு ஆலை விடை கூற வேண்டும். கூட்டம் ஆரவாரித்தது, நீதிபதி ஆரவாரத்தைத் தடுக்கவில்லை. சிறிது நேரம் கழிந்த பின்னரே, கூண்டில் நின்றவன் இறங்காமல் அங்கேயே நிற்பதை அவர் கண்டார். போகலாம் என்று சைகை காட்டினார். அவன் நகரவில்லை.

ஏதோ ஓர் ஐயம் எழுந்து, அவர் பேனாவைக் கீழே வைத்தார். காவல் நிலையத்தில் அவன் ஒப்புக்கொண்டது பதிவில் இருக்கிறது. தம் தீர்ப்பில் அதைத் தள்ளிவிட்டார். ஆயினும், அவனை அடித்தவர் யார் என்பதைச் சொன்னால், அதற்கும் இன்றே ஆணையிடத் தாம் ஆயத்தமாக இருப்பதாகச் சொன்னார்.

"யாரும் அடிக்கல அம்மா."

நீதிபதி முன்னால் சாய்ந்தார்.

"பின் ஏன் ஒப்புக்கொண்டாய்?"

மாடக்கண்ணு கூண்டின் கம்பியைப் பற்றிக்கொண்டான். சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன.

"மொத நாள் வரப்புல வச்சு, நீ செத்தாத்தாம்ல எனக்கு நிம்மதின்னு மாப்ளயப் பாத்துச் சொன்னேன். மறுநாளு இப்பிடி ஆயிப்போச்சு. குண்டு மனுசனக் கொல்லாதுன்னு எல்லாரும் சொல்லுதாவ. படிச்சவிய சொல்லுதாவ, சர்க்காரு சொல்லுது. நான் குண்டைத் தொட்டு ஒண்ணும் பண்ணல. அப்பொறம் எப்பிடிக் கொன்னுச்சு? எம் மனசுல கெடந்ததத்தாம் அது படிச்சிருக்கும்னு நெனச்சேன். என்னைய விட அதுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன். அதாம் ஒத்துக்கிட்டேன்."

கனி தன் மடியிலிருந்த மாலையைப் பார்த்தாள். காவலரின் கம்பை எல்லாரும் தேடினார்கள். கம்பு அங்கே இருக்கவில்லை. ஒரு மனிதனைத் தன் நெஞ்சின் மீதே வழக்குத் தொடுக்கச் செய்வதற்கு, பொய்க்காத ஒரு பொருள் இவ்வுலகில் இருக்கிறது என்று அவனிடம் சொல்லியதே போதுமாயிற்று. பக்கத்தில் தெய்வசிகாமணி தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்ப மாட்டிக்கொள்ளவில்லை.

"இப்பமும் எனக்கு வெளங்கல அம்மா," என்றான் மாடக்கண்ணு. "அப்ப நான் கொல்லலியா?"

நீதிபதி விடை சொல்ல வாயெடுத்தார். அதற்குள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த உலகம்மாள் எழுந்துவிட்டாள். காவலர் ஒருவர் தடுக்க முனைந்தார்; மெகருன்னிசா கையை அசைத்து அவரை விலக்கினார். வழக்குத் தொடுத்தவள், வழக்குத் தொடுக்கப்பட்டவனின் கூண்டருகில் சென்று, அண்ணாந்து நின்றாள்.

"கோவத்துல ஆருதாம் சொல்லல? நான் அவியள நாளைக்கு மூணு வாட்டி செத்துத் தொலையச் சொன்னவ. சொல்லுல உசுரு போவும்னா, கலியாணம் ஆன வருசமே அவிய போயிருப்பாவ." அவள் கூண்டின் கம்பிமேல் கை வைத்தாள். "நீ கொல்லலண்ணே. குண்ட நம்பி ஒன்னையச் சொன்னது நாந்தாம். எறங்கு. பிள்ளைய மாமாவ எங்கன்னு கேட்டுக்கிட்டு வாசல்ல நிக்கி."

மாடக்கண்ணு நீதிபதியைப் பார்க்கவில்லை; கனியைப் பார்க்கவில்லை. தங்கையின் முகத்தையே பார்த்தான். பிறகு, பிடித்திருந்த கம்பியை விட்டுவிட்டு இறங்கினான்.